கட்டைவிரல் அசையவில்லை, வயிறு ஏன் இறுகுகிறது?

அறுவைக் கூடத்தில் விளக்குகள் மங்கலாக்கப்பட்டிருக்கின்றன. நோயாளியின் வயிறு காற்றடைத்த பலூன்போல் மேடிட்டு நிற்கிறது. தொப்புளருகே நுழைக்கப்பட்ட கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி, அறுவை சிகிச்சை நிபுணர் பித்தப்பையின் கழுத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே பொதுப் பித்தநாளம். அதில் கீறல் விழுந்தால் நோயாளிக்குப் பல மாதத் தொல்லை. அந்த நேரம் பார்த்துப் படம் ஒரு குலுங்கு குலுங்குகிறது. விக்கல் எடுத்ததுபோல் வயிறு துள்ளி அடங்குகிறது.

“வயிறு இறுகுது. இன்னும் கொஞ்சம் தளர்த்த முடியுமா?” என்கிறார் நிபுணர்.

தலைமாட்டில் இருக்கும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் கையைப் பார்க்கிறார். மணிக்கட்டில் ஒட்டிய மின்முனைகள் வழியாகச் சிறு மின்துடிப்புகள் போகின்றன. கட்டைவிரல் அசையவே இல்லை. “முழுசாத் தளர்ந்துதான் இருக்கு” என்று பதில் வருகிறது.

இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். நுண்துளை அறுவை சிகிச்சை நடக்கும் கூடங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது. தசையை எவ்வளவு தளர்த்த வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுபற்றி மயக்கவியல் உலகில் நடந்துவரும் பெரிய விவாதமே இந்தச் சின்ன உரையாடலுக்குள் இருக்கிறது.

வயிற்றுக்குள் ஓர் அறை

லேப்ராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை முறையில் வயிற்றைத் திறப்பதில்லை. அதனால் கருவிகள் அசைய இடம் வேண்டும். அந்த இடத்தைக் கரியமில வாயு உண்டாக்கித் தருகிறது. ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். மின்கருவியால் திசுக்களைச் சுடும்போது தீப்பிடிக்காது. இந்த இரண்டு காரணங்களுக்காகவே பிற வாயுக்களை விட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் வயிற்றுக்குள் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் வைக்கிறார்கள். ரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகுதான். 120 என்ற எண்ணைப் பார்த்துப் பழகிய நமக்கு 15 அற்பமாகத் தோன்றும். ஆனால் வயிற்றுக்குள் அது அற்பமல்ல. உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலின் அடிப்பகுதி நசுங்குகிறது. காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இளைஞர்கள் தாங்கிக்கொள்வார்கள், இதயம் பலவீனமான 75 வயதுப் பாட்டிக்கு அது வேறு கதை.

“வயிற்றில்தானே அறுத்தார்கள், தோள்பட்டை ஏன் இப்படி வலிக்கிறது?” என்று பித்தப்பை எடுத்துக்கொண்டு வந்த உறவினர் யாராவது உங்களிடம் கேட்டிருக்கலாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. தோளின் தோலுக்கு வரும் நரம்புகளும் ஏறக்குறைய அதே இடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. வாயு உதரவிதானத்தை இழுத்து எரிச்சலூட்டும்போது, மூளை அந்த வலியைத் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது.

ஆக, வாயு அழுத்தத்தைக் குறைத்தால் நோயாளிக்கு நல்லது. ஆனால் அழுத்தம் குறைந்தால் இடமும் குறையும். வயிற்றுச் சுவர்த் தசைகள் நன்றாகத் தளர்ந்திருந்தால் குறைந்த வாயுவிலேயே போதிய இடம் கிடைக்கலாம் அல்லவா? ஆழமான தசைத் தளர்வை ஆதரிப்பவர்களின் வாதம் முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

கழுதையும் அம்பு விஷமும்

மயக்க மருந்து என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வேலைகள். ஒன்று தூங்க வைப்பது, மற்றொன்று வலியை மறைப்பது, மூன்றாவது தசையைத் தளர்த்துவது. மூன்றுக்கும் தனித்தனி மருந்துகள். தசைத் தளர்வு மருந்து தூக்கத்தைத் தராது, வலியையும் போக்காது. இதை மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் விசித்திரமானது.

தென்னமெரிக்கப் பழங்குடியினர் வேட்டை அம்புகளில் தடவிய குராரே என்ற விஷம்தான் தொடக்கம். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் வாட்டர்டன் கயானாக் காடுகளிலிருந்து அதைக் கொண்டுவந்தார். 1814இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அந்த விஷம் ஏற்றப்பட்டது. பத்து நிமிடத்தில் கழுதை செத்ததுபோல் விழுந்தது. உடனே அதன் மூச்சுக்குழாயில் துளையிட்டுத் துருத்தியால் காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கழுதை தலையைத் தூக்கியது. விஷம் இதயத்தைக் கொல்லவில்லை, மூச்சுத் தசைகளை மட்டுமே முடக்கியது என்பது அப்போதே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வூராலியா என்று பெயரிடப்பட்ட அந்தக் கழுதை, வாட்டர்டனின் பண்ணையில் வேலை எதுவும் செய்யாமல் 1839 வரை சுகமாக வாழ்ந்தது. இன்றைய அறுவைக் கூடத்தில் செயற்கைச் சுவாசக் கருவி செய்வது அந்தத் துருத்தியின் வேலையைத்தான்.

இதற்கு 100 ஆண்டுகளுக்கும் மேலாகக் குராரே மருத்துவத்தின் ஓரத்திலேயே கிடந்தது. 1942 ஜனவரி 23ஆம் தேதி, கனடாவின் மொன்ட்ரியால் நகரில் ஹெரல்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் அறுவையின்போது ஒரு நோயாளிக்கு அதைக் கொடுத்தார்கள். வயிற்றுத் தசை தளர்ந்தது. அறுவை சுலபமாக முடிந்தது. அதற்கு முன்பெல்லாம் வயிற்றைத் தளர்த்த ஒரே வழி, ஈதர் போன்ற மயக்க மருந்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றுவதுதான்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது. குராரே மூளையையும் உறங்க வைக்கிறதா? அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர், தம் உடம்பிலேயே அதை ஏற்றிக்கொண்டார். கண்ணிமைகூட அசையாத நிலையில் சக மருத்துவர்கள் அவருக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அத்தனை நேரமும் அவர் முழு நினைவோடு இருந்தார். நடந்தது ஒவ்வொன்றையும் பிறகு சொன்னார். அந்த ஆய்வு 1947இல் வெளிவந்தது. இவ்வளவு துணிச்சலான, இவ்வளவு தெளிவான விடை தந்த சோதனை மருத்துவ வரலாற்றில் அதிகம் இல்லை என்பேன்.

அந்த விடை இன்றும் முக்கியமானது. தூக்க மருந்து போதாமல் தளர்வு மருந்து மட்டும் வேலை செய்தால், நோயாளி விழித்திருப்பார். ஆனால் விரலைக்கூட அசைத்துச் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தப்பட்டு 2014இல் வெளியான பெரிய தணிக்கை ஒன்று இதை எண்ணிப் பார்த்தது. தளர்வு மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 8,000 பேருக்கு ஒருவர் அறுவையின்போது விழித்திருந்ததாகப் பின்னர் தெரிவித்திருந்தார். தளர்வு மருந்து பெறாதவர்களில் அது சுமார் 1,36,000 பேருக்கு ஒருவர். “வயிறு இறுகுது” என்று நிபுணர் சொன்னதும் தளர்வு மருந்தை எடுக்கும் கை, தூக்க மருந்து போதுமா என்பதையும் முதலில் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இருக்கை பிடிக்கும் விளையாட்டு

இன்று குராரே இல்லை. அதன் வழிவந்த ரொக்குரோனியம் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. வேலை செய்யும் முறை மட்டும் மாறவில்லை. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவந்து, தசையில் உள்ள ஏற்பிகளில் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். ரொக்குரோனியம் காலை நேர எம்ஆர்டி ரயிலில் முந்திக்கொண்டு ஏறும் பயணியைப்போல. இருக்கையைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் ஒன்றும் செய்யாது. பின்னால் வரும் அசிட்டைல்கோலினுக்கு இடமில்லை.

தசைகளில் தேவைக்கு மேல் ஏராளமான இருக்கைகள் இருக்கின்றன என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. கை தசைகளில் முக்கால்வாசி ஏற்பிகளை மருந்து பிடித்த பிறகுதான் பலவீனம் தலைகாட்டவே தொடங்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கை முழு பலத்தோடு இயங்குவதுபோல் தோன்றும் நேரத்திலும் முக்கால்வாசி இருக்கைகள் இன்னும் மருந்தின் பிடியில் இருக்கலாம்.

உதரவிதானம் இன்னும் பிடிவாதமானது. ஏறக்குறைய 90 விழுக்காட்டு ஏற்பிகள் அடைபட்டால்தான் அது அடங்கும். வயிற்றுச் சுவரின் தசைகளும் கட்டைவிரலைவிட விரைவில் விழித்துக்கொள்பவை. நாம் தொடக்கத்தில் பார்த்த புதிருக்கு விடை இதுதான். மருத்துவர் பார்த்தது கட்டைவிரலை. நிபுணர் உணர்ந்தது உதரவிதானத்தை. ஒரே ரத்தம், ஒரே மருந்து, ஆனால் இரு தசைகளும் இரு வேறு நேரத்தில் இருக்கின்றன.

சுழியத்துக்குக் கீழே அளப்பது

கட்டைவிரல் சோதனை 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலில் உருவானது. அரை விநாடி இடைவெளியில் நான்கு மின்துடிப்புகள். மருந்து இல்லாவிட்டால் கட்டைவிரல் நான்கு முறையும் ஒரே பலத்தில் துள்ளும். மருந்து ஏற ஏற நான்காவது துள்ளல் முதலில் மங்கி மறையும். பிறகு மூன்றாவது, இரண்டாவது, கடைசியில் முதலாவதும். ஒன்று முதல் மூன்று துள்ளல் தெரிந்தால் அது மிதமான தளர்வு.

நான்கும் மறைந்துவிட்டால்? அளவுகோலே முடிந்துவிட்டதே! 1981இல் டென்மார்க்கின் யூர்கன் வீபி மொகென்சனும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஐந்து விநாடிக்கு விநாடிக்கு 50 துடிப்பு என்று நரம்பை உலுக்கினால், நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் கூடுதலாகத் திரண்டு நிற்கும். மூன்று விநாடி பொறுத்து, விநாடிக்கு ஒரு துடிப்பு கொடுத்துத் துள்ளல்களை எண்ண வேண்டும். ஒன்று அல்லது இரண்டு மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழமான தளர்வு. உதரவிதானமும் ஏறக்குறைய அடங்கியிருக்கும் நிலை.

2014இல் இரண்டு ஆய்வுகள் இந்த ஆழத்தை நுண்துளை அறுவையில் சோதித்தன. நெதர்லாந்தின் லைடன் நகரில் சிறுநீரகம், புராஸ்டேட் அறுவைக்கு வந்த 24 நோயாளிகளை ஒரே நிபுணர் அறுவை செய்தார். அவருக்கு எந்த நோயாளிக்கு எவ்வளவு தளர்வு என்று சொல்லப்படவில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டும். மிதமான தளர்வில் சராசரி 4.0, ஆழமானதில் 4.7.

கோப்பன்ஹேகனில் நடந்த மற்ற ஆய்வு எனக்கு இன்னும் சுவையாகப்படுகிறது. பித்தப்பை எடுக்க வந்த 48 பேருக்கு வாயு அழுத்தத்தை வேண்டுமென்றே 8 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். அறுவை முழுவதும் மிகச் சிறந்த இடவசதி கிடைத்தது ஆழமான தளர்வு பெற்றவர்களில் 28 விழுக்காட்டினருக்கு; மிதமான தளர்வில் வெறும் 4 விழுக்காடு. ஏழு மடங்கு என்று விளம்பரத்தில் போடலாம். ஆனால் அதே எண்ணை மறுபக்கமிருந்து படித்தால், மிக ஆழமாகத் தளர்த்தியும் நான்கில் மூன்று பேருக்கு மிகச் சிறந்த இடம் கிடைக்கவில்லை. 8 மில்லிமீட்டரிலேயே அறுவையை முடிக்க முடிந்தது 60 விழுக்காட்டினருக்கு. மிதமான தளர்வில் 35 விழுக்காடு. 48 பேரை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிபுணருக்கு வேலை சுலபமாக இருந்தது என்பதும் நோயாளி சீக்கிரம் தேறினார் என்பதும் ஒன்றல்ல. நெதர்லாந்திலேயே பின்னர், பெருங்குடல் அறுவைக்கு வந்தவர்களிடம் குறைந்த அழுத்தத்தையும் ஆழமான தளர்வையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் அவர்கள் வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியதால், நன்மை வாயு குறைந்ததாலா, தசை தளர்ந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆழம் என்பது எல்லாருக்குமான விதியாக வேண்டியதில்லை, இடம் போதாத நேரத்தில் கையில் இருக்க வேண்டிய ஒரு வழி என்றே எனக்குப் படுகிறது.

எழுப்பும் நேரம்

ஆழமாகப் போனவரை மேலே கொண்டுவர வேண்டும். முன்பு இதற்கு நியோஸ்டிக்மின் மட்டுமே. அது ரொக்குரோனியத்தைத் தொடாது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அசிட்டைல்கோலினின் கூட்டத்தைப் பெருக்கும். தளர்வு ஏற்கெனவே பாதி விலகியிருந்தால் பலிக்கும். ஆழமான நிலையில் எவ்வளவு கொடுத்தாலும் பலிக்காது. கடைசித் தையல்வரை ஆழத்தில் வைத்திருக்க மருத்துவர்கள் தயங்கியதற்குக் காரணம் இதுதான்.

நிலைமையை மாற்றியது ஸ்காட்லாந்தில் ஆர்கனான் நிறுவன ஆய்வகத்தில் நடந்த ஒரு திருப்பம். வேதியியலாளர் ஆன்டன் போம், ரொக்குரோனியத்தைக் கரைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகக் கோத்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஒன்று மருந்தை அளவுக்கு அதிகமாகவே இறுகப் பிடித்துக்கொண்டது. கரைப்பானாக அது உதவாது. ஆனால் மருந்தை உடம்பிலிருந்து அள்ளிக்கொண்டு போக உதவுமே! அப்படிப் பிறந்ததுதான் சுகாமடெக்ஸ். ஐரோப்பாவில் 2008இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வாமை பற்றிய ஐயங்களால் அமெரிக்காவில் 2015 கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆழமான தளர்வையும் சில நிமிடங்களில் அது மாற்றிவிடும். அளவு மட்டும் இரட்டிப்பு: மிதமான நிலைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் ஆழத்துக்கு 4.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுகாமடெக்ஸ் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். அது கொடுக்கப்பட்டவர்கள் அடுத்த ஏழு நாளுக்கு வேறொரு கருத்தடை முறையையும் சேர்த்துக் கையாள வேண்டும். மயக்கத்தில் இருந்தவருக்குத் தமக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும்.

எழுப்பும் மருந்து கொடுத்தாகிவிட்டது என்பதே தசை முழுதாகத் திரும்பிவிட்டதற்குச் சான்று ஆகாது. 1979இல் டென்மார்க்கில் கண்காணிப்பு அறைக்கு வந்த 72 நோயாளிகளை அளந்தபோது, 42 விழுக்காட்டினரிடம் தளர்வு மிச்சமிருந்தது. அன்றைய மருந்துகள் நீண்ட நேரம் தங்குபவை. ஆனாலும் இந்தச் சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. அறை முழுக்க விழித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் தொண்டைத் தசை பாதி வலுவில் இருக்கலாம். எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கலாம். ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் மூச்சை விரைவுபடுத்தும் இயல்பும் மந்தமாகிவிடும். சில நாளில் நிமோனியா.

தலையை ஐந்து விநாடி தூக்கச் சொல்லிப் பார்ப்பது பழைய வழக்கம். தளர்வு கணிசமாக மிச்சமிருப்பவர்களும் அதைச் செய்துவிடுகிறார்கள். கட்டைவிரலைக் கையால் தொட்டுப் பார்ப்பதும் போதாது. நான்காவது துள்ளல் முதலாவதன் பாதி வலுவில் இருந்தாலும் மனித விரலுக்கு அந்த வேறுபாடு தட்டுப்படாது. பாதுகாப்பான எல்லையோ 0.9. அதாவது நான்காவது துள்ளல், முதலாவதன் 90 விழுக்காட்டு வலுவையாவது எட்டியிருக்க வேண்டும். இதை எண்ணாகக் காட்டும் கருவி வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மயக்கவியல் அமைப்புகள் 2023இல் வெளியிட்ட வழிகாட்டிகளில் வலியுறுத்தின. சோதனை முதன்முதலில் உருவாகி அரை நூற்றாண்டு கழித்து! கைகள் போர்வைக்குள் இருக்கும்போது புருவத்தில் மின்முனையை ஒட்டும் பழக்கத்தையும் அமெரிக்க வழிகாட்டி ஏற்கவில்லை. புருவத் தசையும் உதரவிதானத்தைப்போலச் சீக்கிரம் விழித்துக்கொள்வது. அதை நம்பிக் குழாயை எடுத்தால், தொண்டை இன்னும் தயாராக இருக்காது. வயிறு இறுகியபோது ஏமாற்றிய கட்டைவிரல், எழுப்பும் நேரத்தில்தான் நம்பத்தக்க சாட்சியாகிறது. எல்லாருக்கும் கடைசியில் விழிப்பது அதுதான்.

ஐரோப்பாவில் 28 நாடுகளில் 22,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. தளர்வு மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் சிக்கல்கள் அதிகம் இருந்தன. கருவி வைத்திருந்ததும் சுகாமடெக்ஸ் கொடுத்ததும் அதைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வந்த பெரிய அமெரிக்க ஆய்வோ, சுகாமடெக்ஸ் பெற்றவர்களிடம் அந்தச் சிக்கல்கள் 30 விழுக்காடு குறைவு என்றது. இரண்டுமே நடந்ததைக் கவனித்த ஆய்வுகள், சீட்டுக் குலுக்கிப் பிரித்தவை அல்ல. அதனால் மருத்துவர்களின் வாக்குவாதம் தொடர்கிறது.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர் உங்களைப் பார்க்க வருவார். பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடம்தான். தசை பலவீன நோய், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை ஆகியவற்றோடு, குடும்பத்தில் யாராவது மயக்கத்திலிருந்து எழத் தாமதமானது உண்டா என்பதையும் சொல்லுங்கள். சக்சமெத்தோனியம் என்ற வேறொரு தளர்வு மருந்து சில நிமிடத்தில் உடைந்துவிட வேண்டும். அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பரம்பரையாகவே இல்லை. அவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பார்கள். இந்தியாவின் வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறைபாட்டுக்கான மரபணு மாற்றம் ஒன்றைக் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் 2006இல் விவரித்திருக்கிறார்கள். “எங்க தாத்தாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரிவரை எழுந்திருக்கவே இல்லையாம்” என்று வீட்டில் சொல்லப்படும் கதை, மருத்துவருக்கு ஒரு பரிசோதனை அறிக்கைக்குச் சமம்.

கடைசித் தையல் போட்டாகிவிட்டது. வயிற்றிலிருந்த வாயு வெளியேற்றப்பட்டது. நிபுணர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த நோயாளியின் படங்களைப் பார்க்கப் போய்விட்டார். தலைமாட்டில் இருப்பவர் மட்டும் அங்கிருந்து நகரவில்லை. திரையில் 0.72. நோயாளி கண்ணைத் திறந்து பார்க்கிறார். மருத்துவர் குழாயை எடுக்கவில்லை, இன்னும் இரண்டு நிமிடம் பொறுக்கிறார். 0.94.